சபை மாறிக்கொண்டே போகிறது: ஒரு லுத்தரன் எதைப் பிடித்துக்கொள்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பிறந்ததிலிருந்து லுத்தரன் சபையில் இருக்கிறீர்கள். கடந்த சில வருடங்களில் ஆராதனை முறைமைப் புத்தகம் பெஞ்சுகளிலிருந்து காணாமல் போனது. இசைக்குழு வந்தது. இளையோர் விசுவாசத்தைக் கற்று உறுதிசெய்யும் திடப்படுத்தல் வகுப்பு இரண்டு வருடத்திலிருந்து ஆறு வாரமாகச் சுருங்கியது. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு மறுபடியும் முழுக்கு கொடுத்தார்கள். கேட்டால் காலம் மாறிவிட்டது என்கிறார்கள். நான் வெறும் பழைய பஞ்சாங்கமா, அல்லது உண்மையிலேயே ஏதோ பறிபோகிறதா, சபையை விட்டுப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். எது எந்தப் பக்கம் என்று பிரிக்கத் தெரியாமல் போவதுதான் வேதனை. எனக்கும் அது லேசில் பிடிபடவில்லை. அதனால் முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் போதகர் அல்ல, பல வருடங்கள் திடப்படுத்தல் வகுப்பு எடுத்த ஒரு சபையார், அவ்வளவுதான். எங்கள் சபைக்கு டிரம்ஸ் வந்தபோது சபைக் கூட்டத்தில் எழுந்து இருபது நிமிடம் எதிர்த்துப் பேசினேன். 150-ஆம் சங்கீதத்தில் கைத்தாளம் இருக்கிறதே என்று ஒரு இளைஞன் கேட்டான். பதில் இல்லாமல் உட்கார்ந்தேன். நாலைந்து மாதம் கழித்து, கடைசி வரிசையில் உட்காரும் ஒரு வயதான அம்மா என்னை நிறுத்தி, "தம்பி, இப்பல்லாம் பாவ அறிக்கை சொல்றதே இல்லையே, ஏன்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாவ அறிக்கையும், அதற்குப் பிறகு போதகர் சொல்லும் மன்னிப்பின் வார்த்தையும், நேரம் போதவில்லை என்று அதே மாதங்களில் நின்றுபோயிருந்தன. அதற்குக் கூட்டமும் இல்லை, தீர்மானமும் இல்லை. நான் முன்வாசலில் தடியோடு நின்று டிரம்ஸை விரட்டிக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாகப் பெட்டகமே போய்விட்டது.

லுத்தரன் பாரம்பரியம் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நம் தாத்தா காலத்து ஞாயிற்றுக்கிழமையைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் பிடிக்கும். ஆனால் நம் உபதேசத்தின் அளவுகோல் அது இல்லை. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் பேர்கூட அளவுகோல் இல்லை. என் பேரால் உங்களை அழைத்துக்கொள்ளாதீர்கள், நான் நாறும் புழுப்பை என்று 1522-இலேயே அவர் எழுதிவிட்டார். நாம்தான் கேட்கவில்லை.

அளவுகோல் எழுத்தில் இருக்கிறது. வேதம் முதலில். அதை நாம் எப்படிப் புரிந்துகொண்டு அறிக்கையிடுகிறோம் என்பதற்கு லுத்தர் கேள்வி-பதிலாக எழுதிய 1529-இன் சிறிய ஞானோபதேசம், 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை முதலியவை. இவையெல்லாம் சேர்ந்து 1580-இல் கன்கார்ட் புத்தகமாக வெளிவந்தன. ஆக்ஸ்பர்க் அறிக்கையை எழுதியவர் லுத்தரின் சக ஊழியர் மெலாங்க்தன். 1530 ஜூன் 25 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் அதை வாசித்தவர் சாக்சனியின் சான்சலர் கிறிஸ்டியன் பேயர். கையெழுத்துப் போட்டவர்கள் பிரபுக்களும், நியூரம்பர்க், ராய்ட்லிங்கன் என்ற இரண்டு நகரங்களும். லுத்தர் ஆக்ஸ்பர்க்குக்கு வரக்கூட முடியவில்லை. அரசின் தண்டனை ஆணை அவர்மேல் இருந்ததால் கோபர்க் கோட்டையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்முடைய அடிப்படை அறிக்கையைப் பேரரசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் குருமார் அல்ல, உங்களையும் என்னையும் போன்ற சபையார். "உபதேசமெல்லாம் போதகர் பாடு, உங்களுக்கு எதற்கு?" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிக்கையின் 7-ஆம் பிரிவில்தான் உங்கள் கேள்விக்கான சாவி இருக்கிறது. சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்படுவதிலும் ஞானஸ்நானம், இராப்போஜனம் ஆகிய சாக்கிரமெந்துகள் சரியாகக் கொடுக்கப்படுவதிலும் இசைந்திருந்தால் திருச்சபையின் ஒருமைப்பாட்டுக்கு அது போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எங்கும் ஒரேமாதிரி இருக்கவேண்டிய அவசியமில்லை என்று அது சொல்கிறது. மாற்றம் வேண்டும் என்பவர்கள் இதன் பின்பாதியை மட்டும் வாசிப்பார்கள்: பார்த்தீர்களா, சடங்கு முக்கியமில்லை! நம்மைப் போன்றவர்கள் 24-ஆம் பிரிவைத் திறப்போம். திருப்பலி முறைமையை நாங்கள் ஒழித்துவிடவில்லை, மிகுந்த பயபக்தியோடு கைக்கொள்கிறோம் என்று அங்கே இருக்கிறது. இரண்டும் ஒரே அறிக்கைதான். முறைமை கட்டாயச் சட்டம் அல்ல. அதற்காக அதைக் குப்பையில் போடவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவர்தான் பாரம்பரிய லுத்தரன் என்று நான் நினைக்கிறேன்.

இந்தச் சண்டை ஒன்றும் புதிதில்லை. 1521-இல் லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது விட்டன்பர்க்கில் அவருடைய சக பேராசிரியர் கார்ல்ஸ்டாட் அவசர அவசரமாகச் சீர்திருத்தத்தில் இறங்கினார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று வழிபாட்டு அங்கி இல்லாமல் இராப்போஜனம் நடத்தினார். அப்பத்தையும் ரசத்தையும் மக்களின் கையிலேயே கொடுத்தார். கொஞ்ச நாளில் சொரூபங்கள் உடைக்கப்பட்டன. லுத்தர் திரும்பி வந்து 1522 மார்ச் 9 முதல் எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்தார். நீங்கள் செய்தவற்றில் பல சரியானவையே, ஆனால் பலவீனரான சகோதரரை இழுத்துக்கொண்டு ஓடினீர்கள், அன்பு இல்லாமல் செய்தீர்கள் என்பதுதான் சாரம். வார்த்தையைப் பிரசங்கித்தேன், நான் தூங்கும்போதும் நண்பர்களோடு பீர் குடித்துக்கொண்டிருந்தபோதும் வார்த்தையே எல்லாவற்றையும் செய்தது என்றும் சொன்னார். வேகமாக மாற்றுகிறவர்களுக்கு மட்டும் இது அடி என்று நினைத்துவிடாதீர்கள். எதையும் மாற்றக்கூடாது என்று கூட்டத்தில் குரலை உயர்த்துகிறவனுக்கும் இது விழுகிறது. எனக்கு விழுந்தது.

சரி, எதைத்தான் கவனிப்பது? நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு எளிய வழி உண்டு: வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பார். பாட்டோ, பிரசங்கமோ, ஜெபமோ, செய்கிறவர் யார்? தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசலாம் என்பதால் இன்னும் உற்றுக் கேட்கவேண்டும். நான் தீர்மானித்தேன், நான் ஒப்புக்கொடுத்தேன், நான் விடமாட்டேன், நான் உயரே எழும்புவேன். ஒரு ஆராதனை முழுக்க இப்படியே போனால், வாத்தியம் ஆர்கனாக இருந்தாலும் அங்கே ஏதோ சரியில்லை. சிறிய ஞானோபதேசத்தில் விசுவாசப்பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லுத்தர் எழுதிய விளக்கம், என் சொந்த புத்தியாலும் பலத்தாலும் என் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடத்தில் வரவோ என்னால் முடியாது என்றுதான் தொடங்குகிறது. பரிசுத்த ஆவியானவர் சுவிசேஷத்தினால் என்னை அழைத்தார். அங்கே செய்கிறவர் அவர். நம் உபதேசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பிரசங்கத்தில் இதே விஷயம் வேறு உருவத்தில் வரும். நியாயப்பிரமாணம், சுவிசேஷம் என்ற வேறுபாட்டை வகுப்பில் படித்திருப்பீர்கள். முன்னது என்னிடம் கேட்கிறது, பின்னது எனக்குக் கொடுக்கிறது. இன்றைய பிரசங்கங்களில் கடுமையான நியாயப்பிரமாணம் அபூர்வம்; சிரித்த முகத்தோடு வரும் நியாயப்பிரமாணம்தான் அதிகம். மகிழ்ச்சியான குடும்பத்துக்கு ஏழு வழிகள், ஆசீர்வாதத்தைத் திறக்கும் ஐந்து சாவிகள். எல்லாம் நல்ல ஆலோசனையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஏழில் மூன்றாவது வழியிலேயே தோற்றுப்போய் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அன்று என்ன கிடைத்தது? கிறிஸ்து மரிக்காமலும் உயிர்க்காமலும் இருந்திருந்தால்கூட அந்தப் பிரசங்கத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் செய்திருக்க முடியுமா? முடியும் என்றால் அதைப் பற்றித்தான் போதகரிடம் பேசவேண்டும், டிரம்ஸைப் பற்றி அல்ல.

நீங்கள் சொன்ன மறுமுழுக்கு விஷயம் இதைவிடப் பெரியது. உங்கள் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே அதைத்தான் வைத்திருக்கவேண்டும். தண்ணீர் தெளிப்பா மூழ்குதலா என்பது அல்ல பிரச்சினை; மூழ்கிக் கொடுப்பதை லுத்தரே விரும்பினார். குழந்தையாகப் பெற்றது செல்லாது என்று சொல்வதுதான் பிரச்சினை. ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 9-ஆம் பிரிவு குழந்தை ஞானஸ்நானத்தை மறுப்பவர்களை வெளிப்படையாகவே நிராகரிக்கிறது. பெரிய ஞானோபதேசத்தில் லுத்தர் ஒரு உவமை சொல்கிறார்: ஒரு வேசி பாவத்திலும் அவமானத்திலும் அணிந்துகொண்டாலும் பொன் பொன்தான். பெற்றவரின் விசுவாசம் தள்ளாடினாலும் கொடுத்தவரின் வாக்குத்தத்தம் தள்ளாடாது. எனக்கு அன்று விசுவாசம் இருந்ததா, உணர்வு இருந்ததா என்று தோண்ட ஆரம்பித்தால், இரண்டாவது முழுக்கின்போது இருந்த விசுவாசம் உண்மைதானா என்று பத்து வருடம் கழித்து ஒரு ராத்திரி அதே கேள்வி வரும். அப்போது மூன்றாவதா? இதைக் கேட்டுக்கொண்டு மறுமுழுக்கு பெற்றவரைத் திட்டாதீர்கள். அவர் பெரும்பாலும் நேர்மையாக நிச்சயம் தேடிப் போனவர். அவருடைய முதல் ஞானஸ்நானத்தில் அந்த நிச்சயம் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை; அந்த வகுப்பு ஆறு வாரமாகச் சுருங்கிவிட்டதே.

இராப்போஜனத்திலும் இப்படித்தான், ஒரு சின்னச் சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கும். 1529 அக்டோபரில் மார்பர்க்கில் லுத்தரும் சூரிச்சின் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் சந்தித்தார்கள். 15 அம்சங்களில் 14-இல் ஒத்துப்போனார்கள். மிஞ்சிய ஒன்று, அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் உண்மையில் இருக்கிறதா, அல்லது அது வெறும் அடையாளமா என்பது. மேஜையின்மேல் லுத்தர் சாக்குக்கட்டியால் "இது என் சரீரம்" என்று எழுதிவைத்துவிட்டு அதிலிருந்து நகரவே இல்லை. பிடிவாதக்காரர் என்று பலருக்குத் தோன்றியது. 1817-இல் பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் லுத்தரன் சபைகளையும் ஸ்விங்லி, கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைகளையும் ஒன்றாக்கத் தொடங்கினார். அவர் கொண்டுவந்த முறைமையில் அப்பத்தைக் கொடுக்கும்போது போதகர், இது என் சரீரம் என்று இயேசு கிறிஸ்து சொல்கிறார் என்று சொல்லவேண்டும். கேட்பதற்குத் தப்பே இல்லை, ஆண்டவர் சொன்னதுதானே! ஆனால் அதை யார் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொள்ளத் தோதாகத்தான் அது இருந்தது. பிரெஸ்லாவில் ஷைபெல் என்ற போதகர் மறுத்தார், 1830-இல் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். சைலீசியாவின் ஹோனிகர்ன் கிராமத்தில் 1834 டிசம்பரில், சபையார் அடைத்து நின்ற ஆலயத்தைத் திறக்கப் படைவீரர்களையே அனுப்பினார்கள். 1838-இல் காவெல் என்ற போதகரோடு ஒரு கூட்டம் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. இத்தனையும் எதற்கு என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். மரணப்படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது" என்ற வார்த்தை சுற்றிவளைக்காமல் கிடைக்கவேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பாடம் உண்டு. வேதம் கட்டளையிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்ற காரியங்களை அடியாஃபோரா என்பார்கள். அங்கி, மெழுகுவர்த்தி, வாத்தியம் எல்லாம் அதில் அடக்கம். 1548-இல், போரில் தோற்றுப்போன லுத்தரன் நாடுகள்மேல் பழைய சடங்குகள் திணிக்கப்பட்டபோது, இதெல்லாம் அடியாஃபோராதானே, விட்டுக்கொடுத்தால் சமாதானம் கிடைக்கும் என்று மெலாங்க்தனும் சிலரும் இணங்கினார்கள். ஃப்ளாக்கியுஸ் என்பவர் எதிர்த்தார்: அறிக்கையிடவேண்டிய நேரத்தில் அடியாஃபோரா என்று எதுவுமே இல்லை. 1577-இல் எழுதப்பட்ட, கன்கார்ட் புத்தகத்தில் சேர்ந்த, ஃபார்முலா ஆஃப் கன்கார்ட் என்ற அறிக்கையின் 10-ஆம் பிரிவு இதை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு சபையும் தன் சடங்குகளை மாற்ற உரிமை உடையது. ஆனால் சத்தியத்தை மறைக்கும் அடையாளமாக ஒன்று வற்புறுத்தப்பட்டால் அதற்கு இணங்கக்கூடாது. ஆகவே உங்கள் சபையில் எது மாறியது என்பதோடு எதற்காக மாறியது என்றும் கேளுங்கள். இளைஞருக்குப் பாடத் தெரிந்த மெட்டு வேண்டும் என்று கிட்டார் வந்தால் அது ஒன்று. பாவம், மன்னிப்பு என்று பேசினால் புதியவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று பாவ அறிக்கை போனால் அது வேறு. முறைமைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே உபதேசத்தைத் தொலைத்த சபைகளும் உண்டு என்பதையும் மறக்கவேண்டாம்.

பெண்கள் குருத்துவம், திருமணம் பற்றிய விவாதங்களையும் ஒரு வரியில் தொட்டிருந்தீர்கள். அவற்றில் உலக லுத்தரன் சபைகளே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு பதிலின் ஓரத்தில் தீர்க்கிற விஷயம் இல்லை அது, இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி நடைமுறை. முதல் வேலை வீட்டில். 1528-இல் சாக்சனியின் சபைகளைப் பார்வையிடப் போன லுத்தர், மக்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை, பல போதகர்களுக்கே சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று அதிர்ந்துபோய்த்தான் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதன் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் குடும்பத்தலைவர் தம் வீட்டாருக்குப் போதிக்கவேண்டிய விதம் என்றுதான் இருக்கிறது. ஆறு வார வகுப்பைப் பற்றிப் புகார் சொல்கிற நாம், வீட்டில் ஆறு நிமிடம் ஒதுக்கியிருக்கிறோமா? ஒரே வாசகத்தை மாற்றாமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்று முன்னுரையில் அவர் சொல்கிறார். பிள்ளைகள் சலிப்பார்கள், பரவாயில்லை. என்னிடம் படித்தவர்களில் வாயாடிகளாக இருந்த சிலர்தான் பிற்பாடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்த வரிகளைச் சொன்னதாக என்னிடம் வந்து சொன்னார்கள்.

அப்புறம் போதகர். கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு முன்னால் தனியாகப் போய்ப் பாருங்கள், குற்றப்பத்திரிகையோடு அல்ல, கேள்வியோடு. ஐயா, பாவமன்னிப்பின் வார்த்தையை நிறுத்தியது ஏன்? மறுபடி கொடுத்த அந்த முழுக்கை நம் அறிக்கையோடு எப்படிப் பொருத்துகிறீர்கள்? பெரும்பாலான லுத்தரன் சபைகளின் சட்டதிட்டங்களில் உபதேச அடிப்படை என்று ஒரு பிரிவு இருக்கும். போதகரும் தம் அபிஷேகத்தில் அந்த அறிக்கைகளுக்கு வாக்குக் கொடுத்திருப்பார். அறிக்கைகள் வேதத்தோடு ஒத்துப்போவதால் ஏற்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது ஒன்று, ஒத்துப்போகும் அளவுக்கு ஏற்கிறேன் என்பது இன்னொன்று. அவர் எதைச் சொல்கிறார் என்பது பேச்சில் தெரிந்துவிடும். சபைக்கு எல்லாப் போதனையையும் நிதானித்துப் பார்க்கும் உரிமையும் அதிகாரமும் உண்டு என்று 1523-இல் லுத்தர் ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார். அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். ஆனால் வாட்ஸப் குழுவில் வேண்டாம். அங்கே யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை.

கடைசியாக, விட்டுப் போகலாமா? 1838-இன் இறுதியில் சாக்சனியிலிருந்து சுமார் 700 பேர் மார்ட்டின் ஸ்டெஃபான் என்ற போதகரை நம்பி, சுத்த உபதேசத்தைக் காப்பாற்ற அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஐந்து கப்பல்களில் ஒன்று கடலிலேயே காணாமல் போனது. மிசௌரியில் இறங்கிய சில மாதங்களில், 1839 மே மாதம், ஒழுக்கக்கேடு, பணத்தை முறைகேடாகச் செலவழித்தது என்ற குற்றச்சாட்டுகளில் அந்த ஸ்டெஃபானையே அவர்கள் வெளியேற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் அவர்களுக்குள் ஒரு பெரும் கலக்கம்: நாம் இன்னும் திருச்சபைதானா, அல்லது வழிதவறிய கூட்டமா? 1841-இல் மிசௌரியின் ஆல்டன்பர்க்கில் நடந்த விவாதத்தில் வால்ட்டர் என்ற இளம் போதகர் சொன்ன பதில், வார்த்தையும் சாக்கிரமெந்தும் இருக்கும் இடத்தில் தவறுகளுக்கு நடுவிலும் திருச்சபை இருக்கிறது என்பது. பழைய சபையை விட்டு வந்தவர்களுக்கு அது ஆறுதல். விட்டுப் போக நினைக்கிற நமக்கு அது ஒரு கடிவாளமும்கூட. உங்கள் சபையிலும், குறைபாடாகவே ஆனாலும், அந்த வார்த்தை இன்னும் ஒலிக்கிறது என்றால் நீங்கள் அங்கே இருப்பதற்கு வேலை இருக்கிறது.

எல்லைக்கோடு எனக்கு இப்படித் தெரிகிறது. உங்கள் ஞானஸ்நானம் செல்லாது என்று உங்கள் வாயால் சொல்லச் சொன்னால், உங்கள் பிள்ளைகளுக்கு வேறு சுவிசேஷம் போதிக்கப்பட்டு, பேசியும் கெஞ்சியும் பலனில்லை என்றால், அப்போது போகலாம். துக்கத்தோடு போகலாம், கல்லெறியாமல். மற்றபடி மெட்டுக்காகப் போகாதீர்கள். போகிற இடத்திலும் பத்து வருடத்தில் மெட்டு மாறும்.

எங்கள் சபையில் நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். அந்த அம்மாவையே கூட்டிக்கொண்டு போதகரிடம் போனோம். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் பேசினார்: வாரம் முழுக்க அதுக்காகத்தான் காத்திருக்கேன் ஐயா. போதகர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த மாதம் பாவ அறிக்கையும் மன்னிப்பின் வார்த்தையும் திரும்பி வந்தன, நாலு நிமிடம். டிரம்ஸ் இன்னும் இருக்கிறது. எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.